கடலூரிலிருந்து கேரளத் திரைப்பட விழாவுக்கு: முதல்முறை போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கொரோனாவால் தள்ளிப்போய் 2022 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில், பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’ பார்வையாளர் விருதைப் பெற்றது. நடுவர் குழுவின் சிறப்பு விருதும் அதற்கே கிடைத்தது. நடுவர்கள் ஓர் அறையில் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். பார்வையாளர் விருதைக் கொடுப்பது, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்று படம் பார்த்தவர்கள். அன்று விழுந்த வாக்குகளில் ஒன்று கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து போன என்னுடையது.

ஊருக்குத் திரும்பிய பிறகு நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, “நம்மையெல்லாம் உள்ளே விடுவார்களா?” என்பதுதான். தாராளமாக விடுவார்கள். நீங்கள் சினிமாத் துறையில் இருக்க வேண்டியதில்லை, பத்திரிகை அடையாள அட்டையும் தேவையில்லை. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், முன்கூட்டியே பதிவு செய்து கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். விழாவில் திரையிடும் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழிலிருந்து விலக்கு வாங்குகிறார்கள். வயது வரம்பு அதனால் வருகிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த விழா, ஏன்

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு வாய்ப்புகளும் உண்டு. 1952இல் பம்பாயில் தொடங்கிய இந்திய சர்வதேசத் திரைப்பட விழா 2004 முதல் கோவாவில் நடக்கிறது. அங்கே சிறந்த படத்துக்குத் தங்க மயிலும் 40 லட்சம் ரூபாயும் தருகிறார்கள். நவம்பர் இறுதியில் நடக்கும் பெரிய விழா, ஆனால் நமக்குத் தொலைவு. சென்னையில் 2003 முதல் டிசம்பர் மாதத்தில் ஒரு சர்வதேச விழா நடந்துவருகிறது. தமிழ்ப் படங்களுக்கென்று தனிப் போட்டி வைத்திருப்பது அதன் சிறப்பு. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு அதுவே வசதி.

புதுச்சேரியிலும் அரசின் செய்தி விளம்பரத் துறை, நவதர்ஷன் திரைப்படக் கழகத்தோடும் அலியான்ஸ் பிரான்சேஸோடும் சேர்ந்து இந்தியத் திரைப்பட விழா நடத்துகிறது. அங்கே சிறந்த படத்துக்குத் தரும் விருதுக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். சுவாமிகள் 1922இல் காலமானது புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் இருக்கிறது அவருடைய நினைவிடம். நாடகத்துக்கே வாழ்ந்த ஒருவரின் பெயரில் சினிமாவுக்கு விருது தரும் அந்த ஊர் மீது எனக்குத் தனி மரியாதை. அது சர்வதேச விழா இல்லை. ஆனாலும் கடலூரிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் போய்விடலாம் என்பதால், அதைத் தவறவிட்டுவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு ஓடாதீர்கள். எனக்கு முதல் பயிற்சி கிடைத்த இடம் அது.

இத்தனையும் இருக்க, முதல்முறை போகிறவர்களுக்கு நான் திருவனந்தபுரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேரள மாநிலச் சலச்சித்திர அகாடமி நடத்தும் அந்த விழாவின் போட்டிப் பிரிவு ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டுமானது. ஐரோப்பாவும் ஹாலிவுட்டும் போட்டிக்குள் வர முடியாது. அவை வேறு பிரிவுகளில் திரையிடப்படும். வறட்சி, வெள்ளம், வேலை தேடி ஊரைவிட்டுப் போகும் பிள்ளைகள், நிலத்தை விடமாட்டேன் என்று நிற்கும் கிழவர்கள் என்று நம் வீட்டுக் கதைகளே வேறு மொழிகளில் அங்கே வருகின்றன. அவற்றுக்குப் பரிசு கொடுப்பதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

விருதுகளைத் தெரிந்துகொண்டு போங்கள்

சுமார் 170 படங்கள், பதினைந்து திரைகள், எட்டு நாட்கள். முதல்முறை போகிறவர் இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் திணறிப்போவார். விருதுகளின் அமைப்பு தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

போட்டிப் பிரிவில் வழக்கமாக 14 படங்கள் இருக்கும். அவற்றில் இரண்டு மலையாளப் படங்கள், இரண்டு பிற இந்திய மொழிப் படங்கள், மற்றவை வெளிநாட்டுப் படங்கள். சிறந்த படத்துக்குச் சுவர்ண சகோரம். அதனுடன் வரும் 20 லட்சம் ரூபாயை இயக்குநரும் தயாரிப்பாளரும் சமமாகப் பகிர்ந்துகொள்வார்கள். சிறந்த இயக்குநருக்கும் சிறந்த அறிமுக இயக்குநருக்கும் ரஜத சகோரம், அதாவது வெள்ளிச் சகோரம். பார்வையாளர் வாக்கில் வெல்லும் படத்துக்கும் ஒரு ரஜத சகோரம் உண்டு.

சகோரம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது நிலவொளியைக் குடித்து வாழ்வதாகப் புலவர்கள் பாடிய பறவை. விழாக்காரர்கள் ஆங்கிலத்தில் அந்த விருதுக்கு வைத்திருக்கும் பெயரோ செம்போத்தைக் குறிக்கிறது. பண்ருட்டி முந்திரித் தோப்புகளில் சிவந்த கண்ணோடு தத்தித் தத்திப் போகுமே, அதே செம்போத்து. புலவரின் பறவையைவிட இது எனக்கு நெருக்கமாகப்படுகிறது.

இவை தவிர, வெளி அமைப்புகள் தரும் விருதுகளும் உண்டு. உலகத் திரைப்பட விமர்சகர்களின் கூட்டமைப்பான ஃபிப்ரெஸ்கி தன் நடுவர்களை அனுப்பி விருது தருகிறது. ஆசியத் திரைப்படங்களை முன்னெடுக்கும் நெட்பேக் அமைப்பும் அப்படியே. இந்தியாவின் அறிமுக இயக்குநர் ஒருவருக்கு, மலையாள இயக்குநர் கே.ஆர்.மோகனன் பெயரிலான விருதைத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்குகிறது. ஊரில் இருக்கும்போதே முந்தைய ஆண்டுகளில் இவற்றை வென்ற படங்களின் பட்டியலைத் தேடிப் பாருங்கள். எந்த நடுவர்கள் எந்த மாதிரியான படத்தை விரும்புகிறார்கள் என்று பிடிபடும். உங்கள் ரசனைக்கு யார் அருகில் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

போட்டிக்குள் வராத இன்னொரு விருதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஸ்பிரிட் ஆஃப் சினிமா’ என்ற பெயரில், அடக்குமுறைக்கும் இழப்புக்கும் நடுவே படமெடுக்கும் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாயோடு அதை வழங்குகிறார்கள். முதலில் பெற்றவர் குர்திய இயக்குநர் லிசா சலான், குண்டுவெடிப்பில் இரண்டு கால்களையும் இழந்தவர். 2022 டிசம்பரில் அது ஈரானிய இயக்குநர் மஹ்னாஸ் முகமதிக்கு அறிவிக்கப்பட்டது. அவரால் நாட்டைவிட்டு வர முடியவில்லை. தன் கூந்தலில் ஒரு கற்றையை வெட்டி, கிரேக்க இயக்குநர் அதீனா ரேச்சல் சங்காரி கையில் கொடுத்தனுப்பினார். தொடக்க விழா மேடையில் அவர் அந்தக் கற்றையை உயர்த்திக் காட்டினார். தொடக்க விழாக்களில் பேச்சு நீளும், அந்த நேரத்தில் ஒரு படம் பார்க்கலாமே என்று நினைத்து வந்தவன் நான். அதன் பிறகு ஒரு தொடக்க விழாவையும் விடுவதில்லை.

ரயில் முதலில், பதிவு பிறகு

இந்த வரிசை தலைகீழாகத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. டெலிகேட் பதிவு, அதாவது விழாப் பார்வையாளராகப் பெயர் கொடுப்பது, வழக்கமாக நவம்பரில்தான் தொடங்கும். விழா டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வெள்ளியன்று முடியும். சபரிமலை மண்டல காலமும் அதே சமயம் என்பதால் கேரளம் போகும் ரயில்கள் நிரம்பி வழியும். முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 12 அன்று புறப்பட வேண்டுமானால் அக்டோபர் 13 காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். பதிவு செய்துவிட்டு டிக்கெட் தேடினால் காத்திருப்போர் பட்டியல்தான் மிஞ்சும்.

நமக்கு விழுப்புரம்தான் வாசல். சென்னை எழும்பூரிலிருந்து கொல்லம் போகும் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் இரவில் விழுப்புரம் வந்து, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாக மறுநாள் நண்பகலுக்கு முன் திருவனந்தபுரத்தில் இறக்கிவிடும். பகலில் போகிறவர்களுக்குக் குருவாயூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அது இரவு வெகுநேரம் கழித்துச் சேரும் என்பதால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் விழுப்புரத்துக்குப் பஸ் அடிக்கடி உண்டு. ரயிலுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.

டிசம்பர் நமக்கு மழை மாதம் என்பதை விழா நடத்துகிறவர்கள் கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள், நாம் வைத்திருக்க வேண்டும். 2011இல் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது டிசம்பர் 30 அன்று. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததற்கு இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 2 அன்று, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் தென்மாவட்ட ரயில்களை நிறுத்திவிட்டார்கள். விழா தொடங்க அப்போது பதினோரு நாட்கள்தான் இருந்தன. ஆகவே விழா தொடங்கும் நாளுக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள். ரயில் ஓடாவிட்டால் திருச்சி வரை எந்தச் சாலை வழியாகப் போகலாம் என்பதையும் யோசித்து வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், நீங்கள் இல்லாத வாரத்தில் தண்ணீர் ஏறினால் யார் வந்து பார்ப்பார்கள் என்று பேசிவைத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. அந்தக் கவலை இல்லாமல் இருந்தால்தான் இருட்டில் உட்கார்ந்து படம் பார்க்க மனம் வரும்.

பதிவுக்கு ஒரு புகைப்படமும் அடையாள அட்டையும் தேவை. சமீப ஆண்டுகளில் பொதுப் பிரிவுக்குக் கட்டணம் ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180 ரூபாய், மாணவர்களுக்கு 590 ரூபாய். ஒரு நாளைக்கு மூன்று படம் என்று வைத்தாலும் எட்டு நாளில் 24 படங்கள். ஒரு படத்துக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. கடலூர் தியேட்டரில் அந்தப் பணத்துக்கு ஒரு பாப்கார்ன் கிடைத்தால் பெரிது.

தங்குவதற்குத் தம்பானூரைச் சுற்றியே அறை தேடுங்கள். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் அங்கேதான். விழாவின் முக்கியத் திரையரங்குகளான கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் ஒரே வளாகத்தில் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. வழுதக்காட்டில் உள்ள டாகூர் அரங்குக்கும் கலாபவனுக்கும், தொடக்க, நிறைவு விழாக்கள் நடக்கும் கனகக்குன்றின் நிசாகந்தி திறந்தவெளி அரங்குக்கும் ஆட்டோவில் போகலாம். மொழி ஒரு தடையே இல்லை. சாலைக் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம்.

ஊரிலேயே செய்ய வேண்டிய ஒத்திகை

எந்த வழிகாட்டியிலும் இதை நான் பார்த்ததில்லை. ஆனால் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். விழாவில் எல்லாப் படங்களுக்கும் ஆங்கில சப்டைட்டில்தான். படத்தை நிறுத்தி வைத்துப் படிக்க முடியாது. முதல் ஆண்டு, இரண்டு வரி எழுத்தை நான் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிட்டது. எழுத்தைத் துரத்திக்கொண்டே இருந்ததில் நடிகர்களின் முகத்தையே பார்க்கவில்லை. வெளியே வந்தபோது கதை தெரிந்தது, படம் தெரியவில்லை.

இதற்கு ஒரு மாதப் பயிற்சி போதும். வாரத்துக்கு இரண்டு வேற்றுமொழிப் படங்களை வீட்டில் ஆங்கில எழுத்தோடு பாருங்கள். இடையில் நிறுத்தாதீர்கள், அகராதியைத் தேடாதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். வரியின் பெயர்ச்சொல்லையும் வினையையும் கண் பிடித்துக்கொண்டால் போதும், மீதியை முகமும் குரலும் சொல்லிவிடும். நாலைந்து படங்களுக்குப் பிறகு கண் தானாகவே கீழே போய் மேலே வரப் பழகிவிடும். அரங்கில் நடுவரிசைக்குச் சற்றுப் பின்னால் உட்காருங்கள். முன்வரிசையில் கழுத்தை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி வரிசையில் முன்னால் இருப்பவரின் தலை எழுத்தை மறைக்கும்.

படிக்கத் தேவையே இல்லாத இடங்களையும் தவறவிடாதீர்கள். 2022 டிசம்பரில் சுவர்ண சகோரம் வென்றது ‘உத்தாமா’ என்ற பொலிவியப் படம். மலைச் சமவெளியில் வறட்சி. வயதான கணவனும் மனைவியும் காதில் இளஞ்சிவப்பு நாடா கட்டிய லாமாக் கூட்டத்தை வைத்துப் பிழைக்கிறார்கள். கிழவருக்கு நோய், மனைவியிடம் சொல்லாமல் மறைக்கிறார். ஆனால் அவருடைய மூச்சு காட்டிக்கொடுக்கிறது. அரங்கம் முழுக்க அந்த மூச்சு கரகரவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. என் அப்பா கடைசி ஆண்டில் வாசல் திண்ணையில் படுத்திருந்தபோது கேட்ட அதே ஒலி. அந்த மனைவி தண்ணீருக்காகக் குடத்தோடு வெகுதூரம் நடக்கும்போது, ஊற்றில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மொள்ளும் ‘கூழாங்கல்’ பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் ஒன்று, பொலிவிய மலை ஒன்று. அந்தக் காட்சியில் எந்த மொழியில் என்ன எழுதியிருந்தது என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது.

எதைப் பார்ப்பது, எத்தனை பார்ப்பது

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி இரவு வரை ஐந்து காட்சிகள் ஓடும். ஐந்தையும் பார்க்க முடியும், பார்க்காதீர்கள். முதல் மூன்று நாட்களில் பதினான்கு படங்கள் பார்த்துவிட்டு, நான்காம் நாள் எந்தக் காட்சி எந்தப் படத்தில் வந்தது என்று தெரியாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் மூன்று ஆண்டு உழைத்து எடுத்த படத்தை அப்படிப் பார்ப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. ஒரு நாளைக்கு மூன்று, அதிகம் போனால் நான்கு. இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு மணி நேரமாவது வெளியே நில்லுங்கள், தேநீர் குடியுங்கள், பார்த்ததைப் பற்றி இரண்டு வரி குறிப்பேட்டில் எழுதுங்கள். கடைசி நாளில் வாக்களிக்கும்போது அந்த இரண்டு வரிதான் உதவும்.

தேர்வுக்கு என் வழி இது. முதலில் போட்டிப் படங்கள் 14க்கும் அட்டவணையில் இடம் ஒதுக்குவேன். ஒவ்வொன்றையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை திரையிடுவார்கள் என்பதால் ஒரு காட்சி தவறினாலும் இன்னொன்று கிடைக்கும். அடுத்து, ஒரு பழைய இயக்குநரின் படங்களைத் தொகுத்துக் காட்டும் பிரிவில் இரண்டு. மீதி இடங்களை வரிசையில் நிற்பவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு நிரப்புவேன். கேன்ஸில் பரிசு வாங்கிய படத்துக்குத்தான் கூட்டம் முண்டியடிக்கும். அது சில மாதங்களில் வீட்டுக்கே வந்துவிடக்கூடும். யாருக்கும் பெயர் தெரியாத ஒரு செனகல் படமோ கஜகஸ்தான் படமோ மறுபடி உங்கள் கண்ணில் படாது. அதற்குப் போங்கள்.

வரிசையும் அரங்கும்

சமீப ஆண்டுகளில் இருக்கைகளில் 70 விழுக்காட்டை இணையத்தில் முன்பதிவுக்கும், 30 விழுக்காட்டை நேரில் வருபவர்களுக்கும் ஒதுக்குகிறார்கள். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு மறுநாள் காட்சிகளுக்கான முன்பதிவு திறக்கும். பெயர்பெற்ற படங்களின் இருக்கைகள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதனால் ஏழே முக்காலுக்கே கைபேசியும் இணையமும் தயாராக இருக்கட்டும். இடம் கிடைக்கவில்லையென்றால் மனம் தளராதீர்கள். முன்பதிவில்லாதவர்களின் வரிசையில் ஒரு மணி நேரம் முன்பு நின்றால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்த வரிசையில்தான் எனக்குக் கோழிக்கோட்டு ஆசிரியர் ஒருவர் பழக்கமானார். இன்றும் டிசம்பர் வந்தால், “அண்ணா, இந்த வருஷம் வருகிறீர்கள்தானே?” என்று அவரிடமிருந்து செய்தி வரும்.

படம் தொடங்கிய பிறகு உள்ளே போகாதீர்கள், கைபேசியைத் திறக்காதீர்கள். பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்க வேண்டாம். பல காட்சிகளின் முடிவில் இயக்குநரே முன்னால் வந்து நிற்பார், கேள்வி கேட்கலாம். ஆங்கிலம் தடுமாறினாலும் கேளுங்கள். தமிழில் கேட்டால் மொழிபெயர்த்துச் சொல்ல அரங்கில் நிச்சயம் யாராவது இருப்பார்கள்.

கடைசி இரண்டு நாட்கள்

பார்வையாளர் வாக்கு விழாவின் இறுதியில் நடக்கும். ஒருவருக்கு ஒரு வாக்கு, அதுவும் போட்டிப் படங்களுக்கு மட்டும். பதினான்கில் பத்தையாவது பார்க்காமல் வாக்களிப்பதை நான் சரியென்று நினைக்கவில்லை. தமிழ்ப் படம் என்பதற்காக மட்டும் வாக்களிக்கவும் வேண்டாம். ‘கூழாங்கல்’ அன்று வென்றது மலையாளிகளின் வாக்கில். அவர்கள் மொழி பார்த்திருந்தால் அது நடந்திருக்காது.

நிறைவு விழா வெள்ளிக்கிழமை மாலை நிசாகந்தியில் நடக்கும். விருதுகள் வழங்கிய பிறகு சுவர்ண சகோரம் வென்ற படத்தை அங்கேயே திரையிடுவது வழக்கம். ஆனால் ஊர் திரும்பும் அனந்தபுரி அன்று மாலையிலேயே கிளம்பிவிடும். அதனால் திரும்பும் டிக்கெட்டைச் சனிக்கிழமைக்கு எடுங்கள். அறையையும் ஓர் இரவு கூட்டிச் சொல்லிவையுங்கள். இரவில் அந்தத் திறந்தவெளியில் லேசாகக் குளிரும், ஒரு போர்வைத் துண்டு கையில் இருக்கட்டும். குறிப்பேட்டையும் எடுத்துப் போங்கள். மேடையில் பெயர் அறிவிக்கும்போது, அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரியைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும்.